மேல் லயத்துச் சங்கு

மடுல்சீமைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் ஒரு பெரிய நாடு மண்சரிவு எச்சரிக்கைக் கருவி பொருத்தியபோது, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டப் பாடசாலையில் நான்தான் இங்கிலீஷ் டீச்சர். தூதரகத்துக்காரர்கள் கொடியோடு வந்திருந்தார்கள். மண் அசைந்தால் சேதி போன் டவர் வழியாகக் கொழும்புக்குப் போகும், உடனே இங்கே சங்கு ஊதும் என்றார் அவர்களுடைய இன்ஜினியர்.

"சங்கு ஊதினா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருங்க" என்று தமிழில் சொன்னேன்.

மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்த என் அத்தை கேட்டாள், "ஊதலைன்னா?"

இன்ஜினியரிடம் கேட்டுச் சொன்னேன். "கட்டாயம் ஊதும்."

முதல் வருஷம் இரண்டு தடவை ஊதியது. சனம் இறங்கி வந்து கோயிலில் தங்கித் திரும்பியது. முன்பெல்லாம் மழை வலுத்தால் தாங்களாகவே இறங்குகிறவர்கள், சங்குக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

பிறகு டவரில் இன்னொரு பெரிய நாட்டின் சாதனங்களை மாட்டினார்கள். இரண்டு நாட்டுக்கும் ஆகாது. அந்தச் சாதனங்கள் வழியாகத் தங்கள் கருவியின் தகவல் போகக்கூடாது என்று முதல் நாடு சொல்லிவிட்டது. தோட்டத்து ஆபீசுக்கு வந்த கடிதத்தைக் கிளாக்கர் என்னிடம் வாசிக்கத் தந்தார். புதிய ஒப்பந்தம் ஆகும்வரை சேவை நிறுத்தம்.

"லயத்துல சொல்லிருவோமா?"

"மேனேஜர் தொரைகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர். சனம் பயந்துரும்."

அவர் சொல்லவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரத்தில் நானும் விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அத்தைக்குப் போன் எடுத்தேன்.

"சோறு வடிக்கிறேன். சங்கு ஊதலையே" என்றாள்.

"அது ஊதாது அத்தை. நிப்பாட்டிட்டாங்க. உடனே இறங்குங்க."

சோற்றுப் பானையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"எப்பருந்து?"

நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முதல் நாலு வீட்டுச் சனமும் வெளியே வந்துவிட்டது. ஐந்தாவது வீட்டில் ஒரு கிழவரைத் தூக்கப் போனபோது மலை இறங்கியது. இரண்டு பேரையும் மறுநாள் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

ஒரு நாடு கூடாரம் அனுப்பியது, மற்ற நாடு அரிசி. இரங்கல் கூட்டத்தில் இரண்டு தரப்பின் அனுதாபத்தையும் நான்தான் தமிழில் சொன்னேன். கூட்டம் கலைந்ததும் அத்தையின் புருஷன், என் மாமா, என்னிடம் வந்தார்.

"ஒனக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியும் மாமா. ரெண்டு மாசமா."

அவர் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். இப்போது பசறையில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் போனால் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறார்.