கண்ணாடியில் ஒட்டிய கல்யாணம்

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை, சாலைக் கடைத்தெருவிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர், மிளகாய்ப்பொடி, எங்கள் கடை ஏலக்காய் ஒரு பொட்டலம். போவது குவாத்தமாலாவுக்கு! எங்கள் சரக்கு விலை சரியும்போதெல்லாம், "குவாத்தமாலாக்காரன் இறக்கிட்டான்" என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். வருஷக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துப்போய், அந்த மகாராசன் தோட்டத்தை ஒருதரம் நேரில் பார்த்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

என்னோடு கடை நடத்தும் தம்பி நாகராஜன் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினான். "யக்கா, அங்க ஹர்த்தாலொண்ணும் இல்லல்லா?"

மாசத்துக்கொரு கடையடைப்பு நடக்கும் திருவனந்தபுரத்தில் கடை வைத்திருப்பவன் வேறென்ன கேட்பான்? "நீ ஷட்டரப் பாத்துக்கிடு, அங்க உள்ளத நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவன் வாய் முகூர்த்தம் அப்படியே பலித்தது.

தோகா, மாட்ரிட் என்று விமானம் மாறி குவாத்தமாலா தலைநகரில் இறங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மார்க்கோஸ் காரோடு வந்தான். இருபத்தாறு வயது, ஹோட்டல் வேலையில் கற்ற ஆங்கிலம். ஏலக்காய் விளையும் கோபான் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், தம்பானூரில் பஸ் ஏறி எர்ணாகுளம் போகிற தூரம்தான். வாடகை தொள்ளாயிரம் கெட்சால், நம் பணத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் வரும். "வழியெல்லாம் மறியல், தோன்யா. போய்ச் சேருவோமான்னு தெரியாது" என்றான். தோன்யா என்பது பெரிய பெண்களுக்கு அங்கே கொடுக்கும் மரியாதை.

விஷயத்தை வண்டியில் போகும்போதே சொன்னான். ஆகஸ்டில் யாருமே எதிர்பாராத ஒருவரை ஜனங்கள் ஓட்டுப்போட்டு ஜனாதிபதி ஆக்கியிருக்கிறார்கள். ஜனவரியில் பதவியேற்பு. அவரை ஏறவிடாமல் வழக்கு மேல் வழக்கு. ஓட்டுக் கணக்குத் தாள்களையே அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். பொறுத்துப் பார்த்த பூர்வகுடித் தலைவர்கள் கையில் அதிகாரக் கோலோடு ரோட்டில் இறங்க, நாடே பின்னால் இறங்கிவிட்டது.

"உனக்கு என்ன தோணுது, நடக்குமா?" என்று கேட்டேன். மார்க்கோஸ் தோளைக் குலுக்கினான். அவன் அண்ணன் அமெரிக்காவுக்குத் திருட்டு வழியில் போய்ப் பாத்திரம் கழுவுகிறான். ஜெயித்தவரை ஜனவரியில் ஏறவிடாவிட்டால் தானும் வடக்கே போய்விடுவதாகச் சொன்னான். பையைக் கூடக் கட்டி வைத்துவிட்டானாம். எலேனா என்று ஒரு டீச்சர் பெண். தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவளிடமும் சொல்லியாகிவிட்டது.

எல் ராஞ்சோ என்ற கூட்டுரோட்டில் லாரி வரிசை கண்ணுக்கெட்டிய மட்டும் நின்றது. அங்கேதான் என் ஊர்ப் புத்தி வேலை செய்தது. எங்கள் ஊரில் ஹர்த்தால் அன்று காரின் முன்கண்ணாடியில் 'கல்யாணம்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால் எந்தக் கட்சிக்காரனும் மறிக்கமாட்டான். ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, மார்க்கோஸை எழுத்துக்கூட்டச் சொல்லி, அவர்கள் பாஷையில் 'கல்யாணம்' என்று கோணல்மாணலாக எழுதி ஒட்டினேன். அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். கேட்பேனா நான்?

லாரிகளை ஒதுக்கி முன்னால் போனோம். ரோட்டுக்குக் குறுக்கே கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். கை தட்டினார்கள். கயிறு இறங்கியது! எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மலை ஏறும் வழியெல்லாம் ஹர்த்தால் நாளில் வண்டி ஓட்டும் சூட்சுமங்களை அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே போனேன்.

பகல் ஒரு மணிக்கு, கோபானுக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது, தக்திக் என்ற ஊரில் இரண்டாவது மறியல். இதுவா மறியல்? திருவிழா! மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா ஒருபக்கம், பெரிய அண்டாவில் காப்பி ஒருபக்கம், நடுரோட்டில் பையன்கள் பந்து விளையாட்டு. பூவேலை ரவிக்கை போட்ட ஒரு அம்மாள் கயிற்றுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். அட்டையைப் படித்தாள். டிரைவரைப் பார்த்தாள். பிறகு பின் சீட்டில் சேலை கட்டி உட்கார்ந்திருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு ஐம்பத்தாறு வயது.

மார்க்கோஸின் காது சிவந்துவிட்டது. "எங்க அம்மா. இந்த ஊர்தான். வீட்ல இருக்கேன்னுதான் காலையில போன்ல சொன்னாங்க" என்று முணுமுணுத்தான்.

நான் கதவைத் திறந்து இறங்கி, ஐயோ நான் இல்லை தாயே, நான் ஏலக்காய்க்காரி என்று இரண்டு கையாலும் கும்பிட்டேன். மகன் மொழிபெயர்த்ததும் சுற்றி நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மாள், ரோசா என்று பெயர், மட்டும் சிரிக்கவில்லை. அட்டையைக் கண்ணாடியிலிருந்து மெதுவாக உரித்து எடுத்தாள்.

"ஜனாதிபதி யார் வேணா வரட்டும். மூத்தவன் முகத்தை நான் போன்லதான் பாக்கறேன். இந்த ஓட்டு நிலைச்சு நின்னா இவன் இங்க நிப்பான். அதுக்குத்தான் நான் ரோட்டுல உக்காந்திருக்கேன்" என்றாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவன் அதையும் மொழிபெயர்த்தான்.

அட்டையை அவள் திருப்பித் தரவில்லை. பொய்யாக ஒட்டக்கூடாதாம். நிஜமாகும்போது தானே எடுத்துத் தருவாளாம்.

சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் கயிறு இறங்கும் என்றார்கள். சரி என்று ரோசா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஷட்டரை இறக்கச் சொல்லிக் கொடியோடு வருகிறவர்களிடம் மல்லுக்கு நிற்கிறவள் நான். அன்று ஒரு மறியலில் சம்மணம் போட்டு, இலையில் மடித்து வேகவைத்த மக்காச்சோள மாவைத் தின்றுகொண்டிருந்தேன். பையிலிருந்த ஏலக்காயைத் தட்டி அண்டாக் காப்பியில் போட்டேன். அங்கேதான் இன்னொரு அதிசயம். வருஷாவருஷம் ஏலக்காய் பறிக்கிற பெண்கள், காப்பியில் அதன் ருசி பார்த்ததே இல்லையாம்! அத்தனையும் கப்பலேறிப் போய்விடுகிறது. ரோசா ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினாள்.

கோபானில் நாலு நாள் இருந்தேன். தோட்டம் நம் இடுக்கிதான். அதே மலை, அதே மழை, அதே மூடுபனி. எதிரி என்று நினைத்துப் போன இடத்தில் எனக்கு ஒரு எதிரியும் அகப்படவில்லை. திரும்பி வந்து மூன்று மாதம், காலையில் கடை திறக்குமுன் செல்லில் அந்த நாட்டுச் செய்தியைத்தான் தேடினேன்.

பதவியேற்பு நம் நேரப்படி தைப்பொங்கலன்று விடியுமுன்பே முடிந்திருக்க வேண்டும். வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டுப் பார்க்கிறேன், இன்னும் நடக்கவில்லை. அங்கே சபையில் இழுபறி. ஜனங்கள் சதுக்கத்தில் நிற்கிறார்கள். பானை வைத்தேன், பொங்கிற்று, குலவையிட்டோம், அப்போதும் இல்லை. பொங்கலை இலையில் வைத்துவிட்டுச் செல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் அவன் பையைத் தோளில் மாட்டியிருப்பானோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், செல்லில் அந்த மனிதர் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் மார்க்கோஸிடமிருந்து ஒரு படம். தலைநகரச் சதுக்கம், கொள்ளாத கூட்டம், கொடிகள், கோஷம் எழுதிய அட்டைகள். நடுவில் மார்க்கோஸும் ஒல்லியாக ஒரு பெண்ணும். அவர்களுக்கு முன்னால் ரோசா, பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். என் கோணல் எழுத்து.

நாகராஜன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "யக்கா, அந்த அம்மா எந்தப் பார்ட்டியாக்கும்?"

"மாப்பிள வீட்டுக்காரிடா" என்றேன்.