ஆதம்பாவா நானாவின் ஓமப் பொட்டலம்

அவர் இறந்த செய்தி எனக்குக் கிளினிக் வரிசையில் வந்தது. சீனி வருத்தத்துக்காக மாதம் ஒருமுறை இரத்தம் சோதிக்கக் கொடுக்கப் போகிறவள் நான். வெறும் வயிற்றோடு வாங்கில் இருந்தபோது, பக்கத்தில் வந்து அமர்ந்த கிண்ணியாப் பெண் ஒருத்தி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, சரக்குக்கடை நானா சுபஹுக்கு மௌத்தாயிட்டார். உங்களுக்கு ஒருத்தரும் செல்லல்லயா?" என்றாள். எந்த நானா என்று கேட்டேன். எந்த நானா என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் கேட்டேன். என் இலக்கத்தை இரண்டு தரம் கூப்பிட்டார்கள். நான் எழும்பாமல் அப்படியே இருந்தேன்.

முப்பது வருடம் இந்தத் திருகோணமலைப் பட்டணத்தில் மருத்துவமாதுவாக வேலை செய்தவள் நான். ஊர் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடும். வாய்க்காரி என்றும் சொல்லும். அதை என் காதுபடச் சொல்வதில்லை. ஆதம்பாவா நானா சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் சரக்குக்கடை வைத்திருந்தார். அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கடையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பேர் நின்றால் ஐந்தாம் ஆள் வெயிலில் நிற்க வேண்டிய கடை அது. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், ஓமம், கடுகு, சதகுப்பை, கருஞ்சீரகம் எல்லாம் தகர டின்களில் இருக்கும். மூலிகை வேர்களும் காய்ந்த இலைகளும் மேலே சாக்குகளில் தொங்கும். எது கேட்டாலும் உடனே நிறுக்கமாட்டார். "கறிக்கா, மருந்துக்கா?" என்று கேட்பார். பதில் வராமல் தராசில் கை வைக்கமாட்டார்.

கறிக்கு என்றால் நீள்சதுரமாக மடித்துத் தருவார். மருந்துக்கு என்றால் முக்கோண மடிப்பு. இரண்டும் ஒரே டின்னிலிருந்து வந்த ஒரே சீரகமாகத்தான் இருக்கும். மருந்துப் பொட்டலத்தைத் தரும்போது யாருக்கு, எத்தனை வயது, வேறு குளிசை குடிக்கிறாரா என்று கேட்டு, எப்படி வறுப்பது, எவ்வளவு தண்ணீரில் அவிப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்பார். "விதை சின்னன் எண்டு நினைக்கப்படாது மிஸ்ஸி. ஒரு மரத்துக்கான வேகம் முழுக்க அதுக்குள்ளதான் இரிக்கி," என்பார். மருந்தும் கறியும் குசினித் தட்டில் கலந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் அந்த இரண்டு மடிப்பும். பாலையூற்றிலிருந்து தோப்பூர் வரை அவரிடம் வாங்கிய பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் பாம்பும் கீரியும் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ஓரளவுக்கு உண்மைதான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நான் போனால், எனக்கு முன்னமே அவருடைய காயக்கட்டு போயிருக்கும். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, திப்பிலி என்று கட்டிக் கொடுப்பார். அதை வறுத்து அரைத்து, உள்ளி போட்டு, சின்ன மீனோடு பத்தியக் கறி வைப்பார்கள். வாசம் படலையிலேயே ஆளை மறிக்கும். எனக்குக் காயத்தின் மேல் கோபமில்லை. என் தாயும் எனக்கு அதைத்தான் தந்தவர். அதற்கு மேல் போய்ப் பச்சைக் குழந்தையின் வாயில் எதையாவது தடவும் பழக்கத்தோடுதான் என் சண்டை. ஒருநாள் கடைக்கே போய்க் கேட்டேன். "பால் குடிக்கிற புள்ளைக்கு எண்டு என்னட்டக் கேட்டா ஒரு விதை குடுக்கமாட்டன்," என்றார். "கருஞ்சீரகத்துக்கு எங்கட ஆக்களிட்டப் பெரிய பேர். அதுக்காக வயித்துப் புள்ளக்காரிக்குக் குடுக்க ஏலுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அன்று தொடக்கம் எனக்கு அவரில் ஒரு மதிப்பு இருந்தது. அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன் பாலையூற்றில் கவிதா என்றொரு பெண்ணின் குழந்தை, பிறந்து ஒரு மாதம் ஆகுமுன், வாந்தி எடுத்துத் துவண்டு போய் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கவிதாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. புருஷன் வீட்டில்தான் பிள்ளைப்பேறு. மாமியார் கறாரான மனுஷி. நான் அந்த வீட்டுக்குப் போனபோது குசினித் தட்டில் பாதி முடிந்த ஓமப் பொட்டலம் ஒன்று இருந்தது. நானாவின் கடைப் பொட்டலம்தான். "இது ஏன்?" என்று கேட்டேன். மாமியார் பக்கத்தில் நின்றார். கவிதா நிலத்தைப் பார்த்தபடி, "பிள்ளைக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லக் கடையில தந்தவை," என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. நேரே கடைக்குப் போனேன். சந்தை கூடியிருந்த நேரம். "உங்கட ஓமத்தால ஒரு பிள்ளை சாகக் கிடக்குது. உங்களை நம்பினனே நான்!" என்று ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தினேன். அவர் கையிலிருந்த கரண்டியை டின்னுக்குள் வைத்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. முதலில், "புள்ள எப்பிடி இரிக்கி?" என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "மிஸ்ஸி, பொட்டலம் எந்த மடிப்பு?"

"மடிப்புக் கதை எனக்கு வேண்டாம்!" என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தோடும் விடவில்லை. அந்தக் கிழமை முழுவதும் கிளினிக்குக்கு வந்த கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும், அந்தக் கடையில் இனி ஒன்றும் வாங்காதீர்கள் என்று பேர் சொல்லிச் சொன்னேன். மிஸ்ஸி சொன்னால் சொன்னதுதான். கேட்டார்கள்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது. நிறை பார்க்கப் போனபோது அந்தப் பொட்டலம் அதே தட்டில்தான் இருந்தது. அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். நீள்சதுரம். கறிப் பொட்டலம். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். கவிதாவைப் பக்கத்தில் இருத்திக் கேட்டேன். அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பின்னேரமானால் பிள்ளை வீரிட்டு அழும். உன் பால் சரியில்லை என்று மாமியார் ஏசுவார். பிள்ளைக்கு என்று கேட்டால் நானா தரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முறுக்குக்கு என்று பொய் சொல்லி வாங்கி, ஒரு பிடி ஓமத்தைத் தடிப்பாக அவித்து, யாருக்கும் தெரியாமல் கரண்டி கரண்டியாகப் பருக்கியிருக்கிறாள். "அவவுக்குத் தெரிஞ்சால் என்னை இந்த வீட்டில வைச்சிருக்கமாட்டா மிஸ்ஸி. பிள்ளையைப் பறிச்சுப்போட்டு என்னைத் துரத்திவிடுவா," என்றாள்.

அன்றே நானாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். பொட்டலம் நீள்சதுரம் என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது," என்றார். "அந்தப் புள்ள முறுக்குக்கு எண்டு கேட்டது. முறுக்குச் சுடப் போறவளுக்குக் கண் அப்பிடி வீங்கியிருக்குமா? பாத்தும் குடுத்திட்டன். என்னிலயும் பங்கு இரிக்கி மிஸ்ஸி."

எல்லோரிடமும் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கி மறித்தார். "புள்ள தப்பிட்டுது. தாயையும் தப்ப விடுங்க. அந்த மாமி உயிரோட இரிக்கிற மட்டும் இத ஒருத்தரிட்டயும் கதைக்காதீங்க."

"அப்ப உங்கட பேர்?"

"அது கொஞ்ச நாளைக்குத் தாங்கும்," என்று சொல்லிச் சிரித்தார்.

அது கொஞ்ச நாளாக இருக்கவில்லை. பிள்ளைப்பேற்று வீடுகளிலிருந்து காயக்கட்டுக்கு ஆள் வருவது நின்றது. தாய் சொன்னதை மகளுக்குச் சொல்லி, மகள் தங்கைக்குச் சொல்லி, ஏன் என்றே தெரியாமல் ஆட்கள் அந்த ஒழுங்கையைத் தாண்டிப் போனார்கள். ஒரு கட்டத்தில் அவர் காயம் கட்டுவதையே விட்டுவிட்டார். கறிச்சரக்கு மட்டும் விற்றார். "மீனுக்கு வெந்தயம், இறைச்சிக்குப் பெருஞ்சீரகம்; ரெண்டையும் மாத்திப் போட்டா சட்டி கோவிக்கும்," என்று பகிடி விட்டபடி விற்றார்.

கொரோனாக் காலத்தில் மல்லிக்கும் வேர்க்கொம்புக்கும் சனம் அடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கண்ட கண்ட தூளையெல்லாம் கண்கண்ட மருந்து என்று விற்ற நாட்கள் அவை. அவருடைய கடை வாசலில் ஒரு மட்டை தொங்கியது: "மல்லித்தண்ணி உடம்புக்கு இதம். கொரோனாவுக்கு மருந்து இல்லை. மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க." அந்த மட்டையைக் கண்டு சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்லும் வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. இந்த மனுஷனைப் பார்த்துத்தானே நான் சந்தையில் வைத்துக் கத்தினேன் என்று அன்று நினைத்தேன்.

போன வருடம் என் கணவர் படுக்கையில் கிடந்தார். கடைசி நாட்களில் எதுவும் வாயில் வைக்கமாட்டார், கண்டாலே ஓங்காளிப்பார். யார் சொன்னார்களோ தெரியாது, ஒரு மத்தியான வெயிலில் நானா பஸ் ஏறிப் பாலையூற்றுக்கு வந்து எங்கள் வீட்டு வாசற் படலையில் நின்றார். அவருக்கே அப்போது நடந்தால் மூச்சு வாங்கும். மடியிலிருந்து சிறு பொட்டலமொன்றை எடுத்தார். "சீரகம். இப்ப வறுத்துப் பொடிச்சது. மோரில ஒரு சிட்டிகை போட்டு, கிட்ட வைச்சு வாசத்த மட்டும் காட்டுங்க. குடிக்கச் சொல்லிக் கரைச்சல் குடுக்காதீங்க. நோய்க்கு இல்ல மிஸ்ஸி, ஆசைக்குத்தான்," என்றார். என் கணவர் அந்த வாசத்துக்குக் கண்ணைத் திறந்தார். நாலு மிடறு குடித்தார். உப்புக் காணாது என்று குறையும் சொன்னார். அவர் கடைசியாக ருசித்துக் குடித்தது அதுதான். கதிரையைப் போட்டு நானாவை இருக்கச் சொன்னேன். அன்றைக்காவது அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மழையைப் பற்றிக் கதைத்தோம்.

அவர் இறந்த செய்தி கேட்ட அன்று, கிளினிக்கிலிருந்து நேரே குறிஞ்சாக்கேணிக்கு நானாவின் வீட்டுக்குப் போனேன். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்திருந்தார்கள். பெண்கள் உள் அறையில் இருந்தார்கள். அவருடைய மனைவி மர்யம் ராத்தா பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னமே அங்கு வந்து இருந்தவள் கவிதா. பக்கத்தில் அவளுடைய மகள், வளர்ந்த பிள்ளை. என்னைக் கண்டதும் கவிதா பேசத் தொடங்கினாள். அத்தனை பெண்களுக்கும் கேட்கத்தான் பேசினாள். முறுக்குக்கு என்று தான் சொன்ன பொய்யை, தான் அவித்த ஓமத்தை, அதை அவர் தலையில் போட்டதை, ஒன்றையும் மறைக்கவில்லை. "இந்தப் பிள்ளை உயிரோட இருக்கிறதைப் பாத்துப் பாத்து நான் சந்தோசமா இருந்தன். பழியை அவர் சுமந்தவர்," என்று ராத்தாவின் மடியில் விழுந்தாள்.

ராத்தா அவள் தலையைத் தடவினார். "எனக்குத் தெரியும் மகள். அவர் அண்டைக்கே செல்லிட்டார். உங்கட மாமி எப்ப மௌத்தானது?"

"மூண்டு வருசமாகுது."

"ஓம், மூணு வருசம்," என்றார் ராத்தா. பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் துளியும் இருக்கவில்லை. "அவர் உங்களப் பத்திக் குறையா ஒண்டும் செல்லல்ல மிஸ்ஸி. அந்த மாமி மௌத்தான நேரம், ஒருக்கா மட்டும் என்னட்டக் கேட்டார், 'மிஸ்ஸிக்கு மறந்து போயிருக்குமோ?' எண்டு."

அந்த மாமியாரின் செத்தவீட்டுக்கு நான் போயிருந்தேன். மாமி உயிரோடு இருக்கும் வரை என்று நானா சொன்ன பேச்சு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு நினைவு வந்தது. எட்டுச் செலவு முடியட்டும் என்று நினைத்தேன். முப்பத்தோராம் நாள் காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். அதன் பிறகு, பழைய கதையை ஏன் கிளறுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அதுவரை நான் வாயை மூடியிருந்தது அவர் கேட்டதற்காக. இந்த மூன்று வருடமும் மூடியிருந்தது என் மானத்துக்காக. ஊரில் மிஸ்ஸி பிழையாகச் சொன்னாள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக.

ஆகவே, என் கிளினிக்கில் அந்தக் கிழமை இருந்த தாய்மாரே, உங்களிடமிருந்து கேட்டு ஒதுங்கிப் போன எல்லோருமே, நான் சொன்னது பொய். ஆதம்பாவா நானா எந்தக் குழந்தைக்கும் ஓமம் கொடுக்கவில்லை. பொட்டலத்தைப் பார்க்காமல் அவரைப் பழித்தவள் நான். உண்மை தெரிந்த பிறகும் அவர் கண்மூடும் வரை அவரைக் காக்க வைத்தவளும் நான்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் ராத்தாவிடம் கேட்ட அந்த ஒரு கேள்விதான். மறக்கவில்லை, நானா. நினைவோடுதான் சொல்லாமல் இருந்தேன்.