பழைய கூடுதான் என்று சொன்னவர்

பெரியண்ணனுக்குக் கையகல நிலம்கூடக் கிடையாது. சேத்தியாத்தோப்புப் பக்கம் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியும் நாற்றுக்கட்டு சுமந்தும் ஐம்பது வயதுவரை பிழைத்தவர். நிலக்கரிச் சுரங்கத்துக்காக வயல்களை எடுத்தபோது நிலக்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது; அவருக்குப் பிழைப்பு போனது. அலைந்து திரிந்து, மரம் வெட்டும் காண்டிராக்டர் ஒருவரிடம் மிஷின் ரம்பம் பிடிக்கச் சேர்ந்தார்.

2014 தை மாதம். சுரங்கத்து மண்ணைக் கொட்ட ஊர் ஏரியையும் எடுத்திருந்தார்கள்; அதற்குள் நின்ற கருவேல மரங்களை வெட்ட வேண்டும். வருஷந்தோறும் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும் மரங்கள் அவை. பெரியண்ணன் முதல் நாளே ஏறிப் பார்த்துவிட்டார். கூட்டுக்கு இரண்டு மூன்று குஞ்சுகள், இறகு முளைத்தும் முளைக்காமலும்.

மறுநாள் பார்வையிட வந்த வனத்துறை அதிகாரி கரையில் நின்றபடியே கேட்டார்: "கூட்டுல குஞ்சு இருக்கா?"

காண்டிராக்டர் பெரியண்ணனைப் பார்த்தார். வேலை தள்ளிப்போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"இல்லீங்க. எல்லாம் போன வருஷத்துக் கூடுங்க. பறவ சும்மா வந்து குந்திகினு இருக்குதுங்க" என்றார் பெரியண்ணன்.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மூன்று நாள் வெட்டினார்கள். மரம் சாயச் சாயக் குஞ்சுகள் சேற்றில் விழுந்தன. தாய்ப்பறவைகள் தலைக்கு மேலேயே சுற்றின. உயிரோடிருந்த பதினொரு குஞ்சுகளைச் சாக்கில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார் பெரியண்ணன். மனைவி கஸ்தூரியம்மாள் வாய்க்காலில் நத்தை பொறுக்கி, ஓட்டை உடைத்து ஊட்டினாள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் செத்துப்போயின.

"தெரிஞ்சிகினேவா அப்பிடி சொன்ன?" என்றாள்.

"இருக்குதுன்னு சொல்லியிருந்தா இன்னொருத்தன வச்சி வெட்டியிருப்பாங்க."

"வெட்டட்டும். ஒரு மாசம் கழிச்சி வெட்டியிருப்பான். அதுங்க பறந்திருக்கும்ல."



உண்மையைச் சொல்லிவிடலாமென்று பெரியண்ணன் அந்த அதிகாரியைத் தேடிப் போனார். அவர் மாற்றலாகியிருந்தார். அந்த இடத்தில் இருந்தவர் முழுவதையும் கேட்டார். "அதான் வெட்டி முடிச்சாச்சே பெரியவரே. இப்ப நான் என்ன எழுதுறது?"

ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளுக்குக் கூலிக்குப் போனார்.

அந்த வருஷம் கார்த்திகையில் நாரைகள் திரும்பி வந்தன. ஏரி இருந்த இடத்தில் சுரங்கத்து மண் மலைபோலக் குவிந்திருந்தது. அதன் மேலேயே இரண்டு நாள் வட்டமடித்தன. வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற பெரியண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் பஸ்ஸை விட்டுவிட்டார். மூன்றாம் நாள் அவை வரவில்லை.