மாப்பிள்ளை ஏறிய பிளக்-இன் ஹைபிரிட்: கொழும்பிலிருந்து கரவெட்டிக்கு

கடந்த ஆவணியில் அக்காவின் மகன் ஆரூரனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கரவெட்டி, மண்டபம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. வழக்கமாக நான் ஊருக்கு ரயிலில்தான் போவேன். இந்த முறை அக்கா இரண்டு மாதத்திற்கு முன்பே தொலைபேசியில் முடிவு சொல்லிவிட்டாள்: "மாப்பிள்ளைக் கார் உன்ரைதான். வேறை கார் பிடிக்கேல்லை."

அந்தக் காரை வாங்கி ஒன்றரை வருடமாகிறது. பாவித்த ஜெர்மன் சலூன், பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்தது, வீட்டுப் பிளக்கில் செருகி மின்னேற்றலாம். இதை வாங்கலாமா என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். கொழும்புக்குள் ஓடிய அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது. இப்போது யாழ்ப்பாணம் போய் வந்தாயிற்று.

முதலில் எண்கள். நான் இரசாயனவியல் படித்தவள். விற்பனைத்தாளில் உள்ளதை அப்படியே நம்பும் பழக்கம் இல்லை. தாளில் மின்சாரத்தில் மட்டும் ஐம்பது கிலோமீற்றர் ஓடும் என்று இருக்கிறது. குளிரூட்டி போட்டுக்கொண்டு எனக்கு முப்பத்தெட்டைத் தாண்டியதே இல்லை. வெள்ளிக்கிழமை காலை 4.40க்கு வெள்ளவத்தையில் புறப்பட்டேன். நீர்கொழும்பு வருமுன்பே பற்றரி தீர்ந்தது. அதற்குப் பிறகு அது சும்மா இருக்கும் ஒரு பெரிய பாரம். புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக மொத்தம் 404 கிலோமீற்றர். பெற்றோல் இருபத்தாறு லீற்றர், ஏறக்குறைய 7,800 ரூபாய். இதே அளவுள்ள சாதாரண ஹைபிரிட் இதைவிடக் குறைவாகக் குடிக்கும். நெடுந்தூர ஓட்டத்தில் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்பதரை மணித்தியாலம் ஓட்டியும் எனக்கு முதுகு வலிக்கவில்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஆளில்லாத காட்டுப் பாதையில் மட்டும் மனம் கொஞ்சம் அலைந்தது. இந்தக் காரில் மேலதிகச் சில்லு கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் பற்றரி இருக்கிறது. பஞ்சரானால் ஒட்டுவதற்கு ஒரு போத்தல் பசையும் சிறிய பம்பும் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கொடிகாமத்தில் ஏ9 வீதியை விட்டு வலப்பக்கம் திரும்பி, வரணி வழியாகப் பிற்பகல் 2.15க்குக் கரவெட்டி போய்ச் சேர்ந்தேன். அக்காவின் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. மாரி வெள்ளத்துக்காகக் கொங்கிறீற்றை உயர்த்தி, ஆமை முதுகு போலப் போட்டிருக்கிறார்கள். நான் தனியே, ஒரு சூட்கேசோடு வந்ததால் கொஞ்சம் சரித்து ஓட்டி ஏறி இறங்கிவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வந்த வழியால் போகலாம் என்று நினைத்தேன். என் தவறு அதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் காரைச் சமையல் கொட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினேன். முழுவதும் ஏற ஐந்து மணித்தியாலம் வேண்டும். மூன்று மணிக்குக் கிணற்று மோட்டாரும் உழுந்தரைக்கும் கிரைண்டரும் ஒன்றாக ஓட, வீட்டுக் கரண்ட் முழுவதும் விழுந்தது. மறுபடி போட்டோம், மறுபடி விழுந்தது.

"காரோ கறியோ, ரண்டிலை ஒண்டு சொல்லு," என்றாள் அக்கா.

கறி என்றேன். கழற்றும்போது அறுபத்தொரு வீதம் ஏறியிருந்தது. கல்யாண வீட்டில் இந்தக் காருக்கு மின்னேற்றலாம் என்று திட்டமிடுபவர்கள் கவனிக்க. பெற்றோல் இருந்ததால் நான் கவலைப்படவில்லை. முழு மின்சாரக் கார் வைத்திருந்தால் அன்று வேறு முகத்தோடு இருந்திருப்பேன்.

ஞாயிறு காலை. முகூர்த்தம் 10.04 முதல் 10.52 வரை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து புறப்பட நல்ல நேரம் 8.20 முதல் 8.45 வரை. திருநெல்வேலி மண்டபத்துக்கு 23 கிலோமீற்றர், முக்கால் மணித்தியாலம் போதும். ஆரூரனுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். இரண்டு பெண்கள் ஆராத்தி எடுக்க, அவன் வந்து காரில் ஏறினான். ஏறுவது அவ்வளவு சுலபமாக இல்லை. பின்பக்கக் கூரை அழகுக்காகச் சரித்த கூரை. தலைப்பாகையின் உயரத்தை அந்த ஜெர்மன்காரர்கள் யோசிக்கவில்லை. இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, அவனைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தோம்.

"சின்னம்மா, இது மாப்பிள்ளைக் காரோ அம்புலன்சோ?" என்றான்.

பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன், பெண்ணின் தம்பி கஜன். முன்னால் அக்கா. பின்பெட்டியில் தட்டுகள், வாழைப்பழம், ஒரு தகரப்பெட்டி. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். மின்சாரத்தில் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. பக்கத்து வளவுச் சின்னராசா அண்ணை யன்னலோடு நடந்துகொண்டே, "இன்னும் ஸ்ராட் பண்ணேல்லையோ தங்கச்சி?" என்று கேட்டார். தேசிக்காய் வைத்தவரின் விரல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். சத்தமில்லாத காரைக் கூட்டத்துக்குள் எடுக்கும்போது ஒரு தரம் ஹோர்ன் அடியுங்கள்.

8.31க்கு மதகில் ஏறினோம். முன்சில்லுகள் அந்தப் பக்கம் இறங்கின, பிறகு அடியில் கரகரவென்று ஒரு சத்தம். நிறுத்தினேன். நான்கு பேர், தட்டுகள், பற்றரி எல்லாம் சேர்ந்து காரின் வயிற்றை மதகின் மேல் இருத்திவிட்டன. மெல்லப் பின்னுக்கு எடுத்தேன்.

"உது காரோ கட்டுமரமோ? வயிறெல்லே முட்டுது!" என்றார் சின்னராசா அண்ணை. வெங்காயமும் புகையிலையும் செய்பவர். வீட்டில் ஒரு இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கிறார்.

கஜன் இறங்கினான். பின்பெட்டிச் சாமான் எல்லாம் இறக்கப்பட்டது. ஆரூரனும் கதவில் கை வைத்தான். "நானும் இறங்கிறன், அங்காலை ஏறுறன். ரண்டு நிமிசம்."

"இறங்கினியெண்டால் தெரியும்!" என்றாள் அக்கா. அந்தக் குரலை நான் பல வருடமாகக் கேட்கவில்லை.

அக்கா கணிதம் படிப்பித்தவள். சகுனம் பார்ப்பவள் அல்ல. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுடைய கல்யாணத்தன்று, அத்தான் வந்த வாடகைக் கார் வழியில் நின்றுவிட்டது. பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம். அத்தான் இறங்கி, தலைப்பாகையோடு நடந்து வந்தார். ஆரூரனுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவர் காய்ச்சலில் இறந்தார். மாப்பிள்ளை பாதி வழியில் காரை விட்டு இறங்கியதால்தான் இப்படி என்று செத்தவீட்டிலேயே ஒரு உறவினர் கதைத்தார், அக்காவின் காதில் விழும்படி. அப்படி ஒரு கதையை மகனைப் பற்றி யாரும் சொல்ல அக்கா இடம் கொடுக்க மாட்டாள். இது தெரிந்த நானே, இந்தக் காரைக் கொண்டுவந்து மதகில் இருத்தியிருக்கிறேன்.

அக்கா தானே இறங்கிக்கொண்டாள். இரண்டாம் தரம் முயன்றேன். சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒழுங்கையின் மறுபக்கம் வெங்காயத் தோட்டத்தில் முடிகிறது, வேறு வழி இல்லை. நேரம் 8.44.

"தங்கச்சி, ஆடாமல் நில்லும்," என்று சொல்லிவிட்டுச் சின்னராசா அண்ணை ஓடினார். உழவு இயந்திரத்தை லொறியில் ஏற்றப் பாவிக்கும் இரண்டு நீளப் பலகைகளோடு திரும்பி வந்தார். சில்லுப் பாதையில் மதகின் மேல் பலகை வைத்து, அடியில் செங்கல் கொடுத்தார். நான் ஏறியபோது கார் வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. முன்பக்கச் சென்சரைப் பூமாலை மறைத்திருந்தது, சுற்றிவர ஆட்கள். எல்லா எச்சரிக்கையையும் நிறுத்தினேன்.

"வாங்கோ... வாங்கோ... நாலு விரல்... இன்னும் ரண்டு விரல்... பொறுங்கோ!" என்று சின்னராசா அண்ணை முன்னால் நின்று வழி காட்டினார்.

இந்த இடத்தில்தான் காருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பெற்றோல் காராக இருந்தால் ஏற்றத்தில் கிளப்பும்போது ஒரு துள்ளல் இருந்திருக்கும், பலகையிலிருந்து வழுக்கியிருக்கும். மின் மோட்டார் நான்கு விரல் என்றால் நான்கு விரல் நகர்ந்தது, நில் என்றால் நின்றது. ஆரூரன் உள்ளேயே சாய்ந்தபடி இருந்தான்.

பின்சில்லும் இறங்கியபோது 9.02. யாரோ கை தட்டினார்கள்.

"மாப்பிள்ளை இறங்கேல்லைத்தானே?" என்று சின்னராசா அண்ணை எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகக் கேட்டார். "பாத்துக்கொள்ளுங்கோ, இறங்கேல்லை!"

சாமானைத் திருப்பி ஏற்றினோம், கஜனும் அக்காவும் ஏறி உட்கார்ந்தார்கள். நெல்லியடி தாண்டி, வல்லை வெளியில் வெயிலும் காற்றும் மட்டும் இருந்த நேரத்தில், அக்கா பின்னால் திரும்பி மகனின் தலைப்பாகையைச் சரிசெய்தாள். பற்றரி கோப்பாய்ச் சந்தி வரை வந்தது. அதன் பிறகு இயந்திரம் தானாகப் பொறுப்பெடுத்துக்கொண்டதை நான் மட்டுமே கவனித்தேன். மண்டபத்துக்கு 9.49. தாலி கட்டியது 10.31.

பிற்பகல் மூன்றரைக்குப் புதுத்தம்பதியைக் கரவெட்டிக்குக் கொண்டுவந்தேன். அக்கா முன்னரே வேறு வாகனத்தில் வந்து, ஒழுங்கை முகப்பில் நின்றிருந்தாள். பக்கத்தில் பலகைகளோடு சின்னராசா அண்ணை.

"சின்ன மாமி, இதிலையோ காலமை நிண்டது?" என்று மணப்பெண் மயூரி கேட்டாள். கஜன் எல்லாம் சொல்லியிருக்கிறான்.

ஓம் என்றேன். அவள் யன்னலை இறக்கினாள்.

"மாமி, நாங்கள் இறங்கி நடந்து வாறம். வீட்டுக்கு வாறவை இறங்கத்தானே வேணும்?"

அக்கா மதகைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். நான் இயந்திரத்தை நிறுத்தவும் இல்லை, நகரவும் இல்லை.

"செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கு பிள்ளை. தார் சுடும்."

"அப்ப நான்?" என்றான் ஆரூரன்.

"நீயும் இறங்கு."

இருவரும் மதகைக் கடந்து நடந்தார்கள். சேலைக்கரை மண்ணில் படாமல் அக்கா பிடித்துக்கொண்டாள். நான் வெறும் காரோடு பின்னால் போனேன், பலகை தேவைப்படவில்லை.

இனி வாசகர்களுக்கு. வருடத்தில் பெரும்பாலான நாள் முப்பது கிலோமீற்றருக்குள் ஓடுபவர், வீட்டில் சொந்தப் பிளக் உள்ளவர் வாங்கலாம். கொழும்பில் நான் மாதத்துக்கு ஒரு தரம்தான் பெற்றோல் அடிக்கிறேன். நெடுந்தூரமே தொழில் என்றால் வேண்டாம். தரையிலிருந்து உயர்த்திக்கொள்ளும் வசதியுள்ள காராகப் பாருங்கள். என்னுடையதில் அது இல்லை. பின்பெட்டி சிறியது, சாமானைக் குறையுங்கள். பஞ்சர் பசையின் காலாவதித் திகதியைப் பாருங்கள். குடாநாட்டு வீதிகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன, ஒழுங்கைகளை மட்டும் ஆட்களையும் சாமானையும் ஏற்றிய பிறகு ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை நெல்லியடியில் ஒரு கராஜில் காரைத் தூக்கிப் பார்த்தோம். அடித்தகடு கீறல், மூன்று கிளிப் உடைவு, கூலியோடு 3,500 ரூபாய். பற்றரிக்கு ஒன்றுமில்லை. முழுச் சேவை என்றால் கொழும்புக்குத்தான் வரவேண்டும்.

காரை விற்கும் எண்ணம் இல்லை. போன கிழமை மயூரி ஒழுங்கைக்காரர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, மதகைச் சரித்துக் கட்டித் தரும்படி பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறாள். முதல் கையெழுத்து அக்காவுடையது. அதைப் பற்றி அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"உன்ரை காருக்கெண்டு நினையாதை," என்றாள். "மருமகள் ஸ்கூட்டியிலை வேலைக்குப் போறவள்."