பின்சுவரில் குடியிருந்த கறுப்புச் சிலந்திகள்

நான் உண்டாகியிருந்த மாதங்களில் என் வீட்டுக்காரர் கட்டெறும்பைக்கூட வாயால் ஊதித்தான் தள்ளிவிடுவார். மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கணவன் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, ஓட்டையை அடைக்கக் கூடாது. அடைத்தால் பிரசவமும் அடைபட்டுக்கொள்ளும் என்று எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களும் அதையேதான் சொன்னார்கள், ஆகவே அவருக்கு இன்னும் பிடிமானம். ஆளை வைத்துச் செய்யலாமே என்றால், சொல்லிச் செய்வித்தாலும் பாவம் நமக்குத்தான் என்பார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர், சட்டம் பேசாமல் இருப்பாரா?

இது தெரிந்துதான் வந்த மாதிரி, டத்தோ கிராமாட் வட்டாரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டின் பின்பக்கம் எட்டுக்கால் பூச்சிகள் குடியேறின. பலகைக்குக் கீழே இடுப்பளவுக்குச் செங்கல் சுவர். அதன் இடுக்கெல்லாம் வலை.

கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறையிலிருந்து படகேறி எங்களைப் பார்க்க வந்த அம்மா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

“ஏண்டி, இந்த வீட்லயா புள்ள பெத்துக்கப் போறே? பச்சப்புள்ளயக் கடிச்சுதுன்னா என்ன பண்ணுவே? அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

முதல் பிள்ளையை நான் பிறையில் அம்மா வீட்டில்தான் பெற்றேன். அது ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அந்த அறையின் ஜன்னலை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். பிறந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று எந்த மகள் வாய்விட்டுச் சொல்லுவாள்?

“பூச்சியெல்லாம் போயிட்டா இங்கயே இருக்கட்டுமாம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“போகட்டும், பாக்கலாம் லா” என்றார் அம்மா.

கொல்லவும் கூடாது, அடைக்கவும் கூடாது என்றால் மிச்சம் இருப்பது பார்ப்பதுதான். பின்வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க, நான் பயந்ததில் பாதி வீண் பயம் என்று புரிந்தது. கூரை மூலையில் நூல் நூலான கால்களோடு தொங்கி ஆடுகிறவை கொசு பிடித்துப் பிழைக்கும் சாதுக்கள். உள்ளங்கை அகலத்தில் சுவரில் ஓடும் பெரியது பார்வைக்குத்தான் பூதம், கரப்பானைத் தின்றுவிட்டுத் தன் வழியே போகும். அதற்கு வலைகூடக் கிடையாது. வம்புக்காரன் ஒருவன்தான். செங்கல் இடுக்கில், மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைப் படுக்க வைத்த மாதிரி வலை பின்னி, அதன் குழாய்க்குள் பதுங்கி உட்கார்ந்திருக்கும் கறுப்பன். ஈசலோ எறும்போ வாசலில் கால் வைத்தால் போதும், பாய்ந்து வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

தேங்காய் மட்டை எடுக்கப் போன என் வீட்டுக்காரர் விரலில் கடி வாங்கிக்கொண்டதும் இவனிடம்தான். கை வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை. அப்போதும், “பாவம், அது பயந்துருச்சு” என்றார். இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

இன்னும் சில நாள் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. விறகையும் மட்டையையும் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்த இடத்தில்தான் அத்தனை புனல் வலையும். சமையல் தண்ணீர் தேங்கி ஈரம் காயாத மூலையில் இன்னும் அதிகம். மேலே ஜன்னல் ஓரம் எங்கள் விளக்கு; விளக்குக்கு வரும் ஈசல் விழுவது இவற்றின் வாசலில். வீடும் கொடுத்து விருந்தும் போட்டுவிட்டு, போகவில்லையே என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம்.

“இந்தாங்க, விறகை இடம் மாத்துறது பாவமா?” என்று கேட்டேன்.

யோசித்தார். “அதுல ஒண்ணும் இல்ல.”

“கால்வாய் வெட்டுறது?”

“அது தொறந்து விடுறதுதானே! பிரசவத்துக்கு நல்லது லா.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு விறகை வேலியோரம் கொண்டுபோய்க் கல்லின் மேல் அடுக்கினார். தண்ணீர் ஓடக் கால்வாய் வெட்டினார். விளக்கு முன்வாசலுக்குப் போனது. காலையில் எழுந்ததும் நீளத் துடைப்பத்தால் வலைகளை மட்டும் கலைத்துவிடுவார்; அவையும் சளைக்காமல் மறுபடி கட்டும். ஆனால் சுவர் காயக் காய, கட்டுவது குறைந்தது. ஆள் இருக்கிற வலை பனியில் பளபளக்கும், காலி செய்துவிட்டுப் போனதில் தூசி படிந்திருக்கும். தூசி படிந்த ஒவ்வொன்றும் எனக்குப் பண்டிகை.

சொன்னபடி மறு மாதம் அம்மா வந்த அன்று ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதுவும் பிரசவத்துக்கென்று நாங்கள் ஒழித்து வைத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. அம்மா குடை நுனியால் தொட்டதும் கறுப்பன் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தான்.

என்னால் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். “பூச்சிக்காக இல்லம்மா. எனக்குப் பிறையில அந்த ரூமுக்கு வரப் பயமா இருக்கு” என்றேன்.

அம்மா குடையைத் தாழ்த்தினார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “நான் மட்டும் அந்த ரூமுக்குப் போறேனாடி? அன்னிலேருந்து பூட்டித்தான் கெடக்கு. நான் அடுப்பங்கரையிலதான் படுக்குறேன். உன்னக் கூட்டிட்டுப் போயி எங்க படுக்க வைப்பேன்னு படகுல வர்றப்பல்லாம் அதே யோசனைதான்.”

என் வீட்டுக்காரர் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்க் கெண்டியோடு வந்தார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மாப்பிள்ள. அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. எனக்கு என்ன தடை?”

அவர் திரும்பிக்கொண்டார், போதாததற்குக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

என் மகள் நாங்கள் ஒழித்து வைத்த அந்த அறையில்தான் பிறந்தாள். அம்மா பிறைக்குத் திரும்பிப் போனபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது.