தெள்ளார் பக்கம் கைதட்டிய அண்ணி

கல்லூரி வேலை நேரத்தில் என் அண்ணன் எனக்குப் போன் செய்ததே இல்லை. அன்று காலை வகுப்பில் இருந்தபோது அவர் பெயர் செல்போனில் வந்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். "அம்சா போயிட்டா கௌரி" என்றார். அதற்கப்புறம் அவர் கேட்டது ஒன்றுதான். "தெள்ளாருக்கு யாரு சொல்றது?"

அம்சவேணி அண்ணி தெள்ளாரில் பிறந்தவர். சாதி மாறி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, ஆரணியில் எங்கள் தறி வீட்டுக்கு வந்தவர். படவேட்டுக் கோயிலில் இருவரும் மாலை மாற்றிக்கொண்ட அன்றோடு அவருடைய பிறந்த வீடு அவரைக் கைகழுவிவிட்டது. அந்த வீட்டில் ஒருவருடைய எண்ணும் எங்களிடம் இல்லை. இருந்தது, தெள்ளார் ஹாக்கி அணிக்குக் கேப்டனாக இருந்த சேகரின் எண் மட்டும்தான். அவருக்குத்தான் போன் செய்தேன். "வீட்ல போயி சொல்றேங்க. வருவாங்களான்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

ஆரணியில் மே மாத டோர்னமெண்டைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அண்ணியைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாதவர்களுக்கும், பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு தெள்ளாருக்குக் கைதட்டுகிற அந்த அம்மா என்றால் புரிந்துவிடும். அவரை அப்படிப் பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் ஏன் அப்படிக் கைதட்டினார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

அவர் கல்யாணமாகி வந்த முதல் மே மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் குடும்பமே மைதானத்தில் இருந்தது. ஆரணியும் தெள்ளாரும் ஆடின. தெள்ளார்க்காரர்கள் முதல் கோலைப் போட்டதும் மைதானமே அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள் எங்கள் பெஞ்சிலிருந்து ஒரு கைத்தட்டல் கேட்டது. நானும் அம்மாவும் திரும்பிப் பார்த்தோம். புது மஞ்சள் கயிற்றோடு அண்ணி தட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வந்த கோபத்தில் குரல் உடைந்துவிட்டது. "இந்த வூட்டு சோத்தத் தின்னுகினு அந்த ஊருக்குக் கை தட்றியே" என்றார். அண்ணி கையை நிறுத்தாமலே சொன்னார்: "சோறு நான்தான அத்தே வடிக்கறேன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அம்மாவாலும் அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்த பெஞ்சில் அவருடைய கட்சி தனிக்கட்சி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

கல்யாணமானால் பெண் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நம் வழக்கம். அண்ணியும் மாற்றிக்கொண்டார். எங்கள் வீட்டுக் குழம்பின் புளிப்பைக் கற்றுக்கொண்டார். ராட்டையில் நூல் சுற்றப் பழகினார். எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார். ஹாக்கியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் வேலூருக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். ஆனால் நினைத்த நேரத்தில் பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வருகிறவளுக்குப் பிறந்த ஊரை எதிலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவை இருப்பதில்லை. இதை நான் புரிந்துகொள்ளச் சில வருடங்கள் ஆயின.

அவருடைய அபிப்பிராயங்கள் ஈவிரக்கம் இல்லாதவை. எங்கள் அணியைப் பற்றிச் சொல்வார்: "உங்க பசங்க மடிச்சு வெச்ச பட்டுப் பொடவ மாதிரி. மடிப்புக் கலையாம ஆடணும். மண்ணுல வுழச் சொன்னா மனசே வராது." உண்மை. எங்கள் ஊர் முன்வரிசைக்காரர்கள் பந்தை ஸ்டிக்கில் ஒட்டவைத்தது போலக் கொண்டுபோவார்கள். பந்து பறிபோனால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். வேலூர் அணியைப் பற்றி, என் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "ஷூ போட்டுக்கினு வந்து எறங்கனதுமே ஜெயிச்சிட்டோம்னு நெனப்பு அவங்களுக்கு" என்பார். தன் அணியையும் விட்டதில்லை. "எங்க பசங்களுக்கு கோல் போடவும் தெரியாது, போட வுடவும் தெரியாது." அதுவும் உண்மை. தெள்ளார் ஆடிய ஆட்டங்களில் பாதி, கோலே விழாமல் இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் கடைசியில் தோற்பார்கள்.

இப்படித் தோற்கிறவர்களுக்கு எதற்குக் கைதட்டுகிறீர்கள் என்று ஒருமுறை சீண்டினேன். "ஜெயிக்கறவன யாரு வேணா புடிச்சுக்கலாம் கௌரி. தோக்கறவனுக்கு சொந்த ஊர்க்காரங்க மட்டுந்தான்" என்றார்.

தெள்ளார் அணியின் கோல்கீப்பர் ஏழுமலை, அண்ணியின் உடன்பிறந்த தம்பி. வருடத்தில் அவரைப் பார்க்க அண்ணிக்கு அந்த ஒரு மைதானம்தான் இருந்தது. அவர் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பவே மாட்டார். பாதி நேரம் முடிந்து பக்கம் மாறும்போதுகூட மைதானத்தின் அந்த ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவார். அண்ணி பார்த்துக்கொண்டே இருப்பார். ஆள் இளைத்திருக்கிறாரா, முட்டியில் கட்டு எதற்கு, மீசை எப்போது வைத்தார் என்பதையெல்லாம் பெஞ்சிலிருந்தே படித்துக்கொள்வார். ஒரு வருடம் தம்பி கையில் மோதிரம் இருந்தது. "பொண்ணு பாத்துட்டாங்க போல" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

ஒரு மே மாதம், பெனால்டி கார்னரில் எங்கள் பையன் அடித்த பந்து எம்பி ஏழுமலையின் நெற்றியில் பட்டது. அந்த நாளில் எங்கள் பக்கத்து மைதானங்களில் ஹெல்மெட் ஏது? அவர் கோலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது. என் பக்கத்தில் இடம் காலியானது எனக்குத் தெரியவே இல்லை. பார்த்தால் அண்ணி மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். அம்பயர் விசில் ஊதினார். அண்ணி போய் முந்தானையைத் தம்பி நெற்றியில் வைத்து அழுத்தினார். ஏழுமலை தலைநிமிராமல் ஏதோ சொன்னார். அண்ணி எழுந்து, முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி திரும்பி நடந்து வந்தார்.

அவர் முகத்தில் சிரிப்பு. தம்பி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அக்கா, வெளிய போ, ஆட்டம் நிக்குதுன்னான்."

"அதுக்கா சிரிக்கறீங்க?"

"பேசிட்டானே."

அன்று மாலை அந்தப் புடவையை அவர் வெகுநேரம் நனைக்கவில்லை. அம்மாதான் வாங்கிக்கொண்டுபோய் அலசிப் போட்டார்.

அடுத்த வருடத்திலிருந்து தெள்ளார் ஆடும் நாளில் ஒரு பெரிய தூக்கு நிறையப் புளிசோறு கிளறி அவர்களுக்கு அனுப்புவார். ஆட்டம் முடிந்ததும் தூக்கைத் திருப்பிக் கொடுக்கச் சேகர் வருவார். "எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்பார் அண்ணி. அந்த எல்லாரும் யார் என்று சேகருக்குத் தெரியும். "கீப்பர் ரெண்டு வாட்டி வாங்கிக்கினாருக்கா" என்பார். நிஜமா, அண்ணியின் மனசுக்காகச் சொன்னாரா, தெரியாது. அதற்கடுத்த வருடம் தூக்கு இரண்டானது.

இனி சொல்லப்போவதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் ஏழுமலை மொட்டைத் தலையோடு கோலில் வந்து நின்றார். மீசையும் இல்லை. திருப்பதிக்குப் போய் வந்திருப்பார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பாதி நேரத்தில் சேகர் தூக்கை வாங்க வந்தபோது, "எப்போ?" என்று மட்டும் கேட்டார். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பங்குனிக் கடைசிலங்க்கா" என்றார். தன் அப்பா இறந்ததை அண்ணி தெரிந்துகொண்டது அப்படித்தான்.

வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா கூப்பிட்டார். அண்ணி வரவில்லை. கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்தார். தம்பி ஒரு பந்தைக் காலால் தடுத்தபோது கைகூடத் தட்டினார். வீட்டுக்கு வந்தபின் நேராகக் கிணற்றடிக்குப் போனார். அண்ணியின் பிறந்த வீட்டு மாடுகளைப் பற்றியும் மாமரத்தைப் பற்றியும் பேச்சு வந்தாலே முகம் திருப்பிக்கொள்ளும் என் அம்மா, அன்று தன் கையால் தண்ணீர் சேந்தி மருமகள் தலையில் ஊற்றினார். அப்போதுதான் அண்ணி அழுதார்.

முட்டி தேய்ந்து ஏழுமலை ஆடுவதை விட்ட பிறகு அண்ணி மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. "எங்க ஊருப் பசங்க பச்ச சட்டையப் பாத்தாப் போதும். ஊரே ஒரு வாட்டி வந்துட்டுப் போறாப்ல இருக்கும்" என்றார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்தம் செய்ய வாரந்தோறும் வேலூர் வருவார். என் வீட்டில் தங்குவார். போன வருட மே மாதத்தில் கட்டிலில் படுத்தபடி, போனில் அண்ணனிடம் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரணியும் தெள்ளாரும் முன்னாலேயே வெளியேறிவிட்டன. கோப்பை வேலூருக்குப் போனது. போனை வைத்துவிட்டு, "இதுக்கா ஒடம்ப வெச்சுக்கினு இருந்தேன், ஒரே பேஜாரு" என்றார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி சொன்ன கடைசி நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன். ஆவணியில் போய்விட்டார்.

நான் ஆரணி போய்ச் சேர்ந்தபோது அண்ணியைத் தெருவுக்குக் கொண்டுவந்து பந்தலில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி முடிந்திருந்தது. சடங்கு செய்கிறவர் நிமிர்ந்து பார்த்து, "பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சா?" என்றார். பிறந்த வீட்டார் கொண்டுவந்து பிணத்துக்குப் போர்த்த வேண்டிய புதுச்சேலை அது. பட்டு நெய்கிற வீட்டில் சேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த ஒரு சேலையை எங்கள் தறியில் நெய்ய முடியாது. நேரமாகிறது என்றார்கள். யாராவது ஒருத்தி போட்டுவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

அப்போது தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. தெள்ளார் பையன்களும் பழைய ஆட்டக்காரர்களும் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த சேகரின் கையில் மாலையும் ஒரு கடைப் பையும் இருந்தன. பையை என்னிடம் நீட்டி, "ஏழுமல வாங்கியாந்ததுங்க. என்னைப் போடச் சொல்லிட்டு வேன்லயே குந்திக்கினு இருக்கான்" என்றார்.

நான் வேனுக்குப் போனேன். கடைசி இருக்கையில் அவர் இருந்தார். முடி நரைத்திருந்தது. அத்தனை வருடங்களில் அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அண்ணியின் மூக்கு அப்படியே இருந்தது. கூப்பிட்டேன். "அந்த வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்னு அப்பா சாவறப்ப சத்தியம் வாங்கிக்கினாருங்க. செத்தவருகிட்ட நான் எப்படித் திருப்பிக் குடுக்கறது?" என்றார்.

"படிய மிதிக்க வேணாங்க. அண்ணி படியத் தாண்டி தெருவுக்கு வந்துட்டாங்க."

அவர் இறங்கினார். பந்தலுக்கு வந்து சேலையைப் பிரித்தார். பச்சை நூல் சேலை. போர்த்திவிட்டு, நெற்றியில் கைவைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு என்னிடம், தன்னைப் பற்றி அக்கா எப்போதாவது ஏதாவது சொல்லுமா என்று கேட்டார்.

அண்ணி சொன்னதையே சொன்னேன். "நீங்க சுமாரான கீப்பர்தான்னு சொல்லுவாங்க. எடது பக்கம் பந்து வந்தா யோசிக்கறான், யோசிக்கறவன் கோல்ல நிக்கக் கூடாதும்பாங்க."

"நெசந்தாங்க" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. என் அண்ணன் போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணியிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொள்வது என்று இந்த மாதங்களில் யோசித்திருக்கிறேன். தள்ளிவைத்தவர்கள்மேல் கோபப்படாமலும், அவர்களை விட்டுக்கொடுக்காமலும், எதிர்த்தரப்போடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாழ்ந்து காட்டினார். அதைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசை. கைதட்டத் தெரிந்துகொண்டேன், கோபப்படாமல் இருப்பது இன்னும் வரவில்லை. தெள்ளாருக்கும் ஆரணிக்கும் நடுவே ஒரு பஸ் மாறினால் போதும், அப்படியும் அவரைப் பார்க்க வீட்டுக்கு யாரும் வரவில்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த மே மாதம் ஏழுமலை வந்திருந்தார். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். அவர் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். நெருக்கடி ஒன்றும் இல்லை. அண்ணி இருந்த காலத்திலும், எங்கள் எல்லோரோடும் சேர்த்து, அந்த பெஞ்சில் இன்னொருவருக்கு எப்போதும் இடம் இருந்தது.