வெஸ்டல் கையில் லம்மின் பிடில்

ஹார்லன் ஸ்டிடமுக்கு முப்பத்து மூன்று வருடமாக ஆறாத புண் ஒரு போட்டோ. அதில் நாலு பேர் நிற்கிறார்கள். பாஞ்சோ வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு முழிக்கிறவன் ஹார்லன். பிடிலைத் தோளில் வைத்துப் பல்லைக் காட்டுகிறவன் மளிகைக்கடைக்காரர் மகன் வெஸ்டல் க்ரவுஸ். அவன் ஆயுசில் ஒரு பாட்டு வாசித்தவன் இல்லை.

வாசித்தவர் லம் பீபிள்ஸ். ரயிலடியில் நிலக்கரி அள்ளுகிற கறுப்பர். சனிக்கிழமை ஆனால் வெள்ளைக்காரர் வீட்டு நடனத்துக்கு வாசிக்கக் கூப்பிடுவார்கள். அவருக்குச் சாப்பாடு மட்டும் சமையல்கட்டில், தனியாக. ஞாயிற்றுக்கிழமை அவருடைய கோயில்காரர்கள், பிடில் சாத்தானின் பெட்டி என்று வைவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மனிதர் எதற்கும் அசையவில்லை. சின்ன வயதில் இடதுகைப் பழக்கத்துக்காக அப்பன் விரல் முட்டியைப் பெயர்த்தும் மாறாதவர் ஆயிற்றே. கம்பிகளை இடம் வலம் மாற்றிப் பூட்டி, வில்லை இடது கையில் பிடித்தே வாசித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருடம் கோடையில் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவன் ஊருக்கு வந்தான். மரச்சாமான் கடை மாடியில் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, லம், ஹார்லன், கூட வாசிக்கிற இன்னும் இரண்டு பேர் என்று நாலு பேரை வைத்து ஆறு பாட்டு பதிவு செய்தான். ஆறும் லம்மின் வில்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றன. முடிந்ததும், விற்பனைப் பட்டியலுக்குப் படம் வேண்டும் என்றான். வந்தது வினை. மலை வெள்ளையர் பாட்டுக்கு ஒரு பட்டியல், கறுப்பர் பாட்டுக்கு ஒரு பட்டியல். இரண்டு நிறமும் ஒரே படத்தில் நின்றால் எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

"தட்டுக்கு நிறம் தெரியாது. படத்துக்குத் தெரியுமே" என்றான் அவன்.

லம்மைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னான். கார் ஓட்டி வந்த வெஸ்டல் பிடிலை வாங்கிக்கொண்டான். மற்றவர்களின் தொப்பிகளைக் கையில் அடுக்கிக்கொண்டு லம் வெளியே போனார். ஹார்லனுக்கு அப்போது இருபது வயது. வாயில் கொழுக்கட்டை.

கம்பெனிப் பதிவேட்டிலும் வெஸ்டல் பெயர்தான் ஏறியது. அவன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினான். யாராவது வாசிக்கச் சொன்னால் விரலில் வாதம் என்பான். சாகும்வரை அந்த வாதம் அவனைக் காப்பாற்றியது.

போன வருடம் நியூயார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய தட்டுகளைத் திரும்ப வெளியிடுகிறார்களாம், அட்டைக்குப் படம் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். லம்முக்கு அப்போதே கரித்தூள் நுரையீரலை அரித்துவிட்டது. அவர் கண் மூடுவதற்குள் பேரைச் சரிசெய்துவிட வேண்டும் என்று ஹார்லன் துடித்தான். நாலாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, படத்தோடு அனுப்ப மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினான். படத்தில் இருப்பவன் வாசித்தவன் இல்லை, வாசித்தவர் லம் பீபிள்ஸ், அவர் இடதுகைக்காரர், நம்பாவிட்டால் படத்தில் இருக்கிற அவர் பிடிலின் கம்பிகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள், தலைகீழாகப் பூட்டியிருக்கும் என்று.

அவர்களும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. கம்பிகள் மாறியிருப்பது உண்மை, படமே இடம் வலம் புரண்டு அச்சாகியிருக்கிறது, சுட்டிக்காட்டியதற்கு நன்றி, திருத்திவிட்டோம். லம் பீபிள்ஸ் என்ற பெயர் பதிவேட்டில் இல்லை, தங்கள் ஞாபகம் பிசகியிருக்கலாம்.

பின்னாலேயே தட்டும் வந்தது. அட்டையில் படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். வெஸ்டல் இடது கையில் வில்லைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில்: இடதுகைப் பிடில் மேதை வெஸ்டல் க்ரவுஸ்.

லம்மின் கை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டது ஹார்லனின் கடிதம்.

மறைக்க மனம் வராமல் தட்டை எடுத்துக்கொண்டு லம் வீட்டுக்குப் போனான். தெருவில் பார்த்தால் 'மிஸ்டர் ஸ்டிடம்' என்று தொப்பியைத் தொடுகிற லம், வீட்டுக்குள் ஹார்லன் என்றுதான் கூப்பிடுவார். கட்டிலில் சாய்ந்தபடி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு வந்து, இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"செத்து ஆறு வருஷம் கழிச்சு எடதுகைப் பழக்கம் வந்திருக்கு பாரு இவனுக்கு" என்றார். "நீயும்தான் எடதுகைக்காரனாயிட்டே. பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டியா?"

ஹார்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான். அவன் ஞாபகம் பிசகிவிட்டது என்று அச்சடித்த தாளில் பதில் வந்தாயிற்று. இருந்தும் விடமாட்டேன், இன்னொரு கடிதம் போடுகிறேன், நேரிலேயே போகிறேன் என்று பொருமினான்.

லம் அட்டையில் நாலு பேருக்கும் பின்னால் இருந்த கதவைத் தடவினார்.

"இது அந்தப் பக்கம் இருந்துச்சு. இப்ப இந்தப் பக்கம் வந்திருச்சு. நான் வெளியேதான் நிக்கிறேன்."

தட்டை ஓடவிடச் சொன்னார். ஓடியது. போர்வைக்கு மேல் அவருடைய இடது கை இரண்டு முறை போய் வந்தது. மூன்றாம் முறை போன இடத்திலேயே நின்றுவிட்டது, மூச்சு போதவில்லை.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார். தட்டை ஓடவிட்ட அன்று ஹார்லன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, லம் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திக் கடைசியாகக் கேட்டது இதைத்தான்:

"இனிமே அவங்களுக்குக் கடுதாசி போடாதே, ஹார்லன். இன்னொண்ணு போட்டேன்னா அந்தப் பயலுக்கு என் பேரையும் வெச்சிடுவானுங்க."